புதுக் குழாய் வளரும் வரை அப்பாவின் கால் பொறுக்குமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். சுகர் வந்து 18 வருஷம் ஆகிறது. 2014-இல் ஹார்ட் பைபாஸ் நடந்தது. அதற்கு இடது காலிலிருந்து நரம்பு எடுத்தார்கள். இப்போது வலது காலில் இரண்டாவது விரல் நுனி கருத்துவிட்டது. ராத்திரியில் வலி தாங்காமல் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஆஞ்சியோவில் தொடையில் முழு அடைப்பு, முழங்காலுக்குக் கீழே ஒரே ஒரு குழாய்தான் ஓடுகிறது, சீக்கிரம் காலுக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா ‘இன்னொரு தடவை கத்தி வேண்டாம்’ என்கிறார். சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பினார். ஸ்டெம் செல்லிலிருந்து மனித ரத்தக் குழாயையே வளர்த்துவிட்டார்களாம், அந்த ஆராய்ச்சியில் வேலூர் டாக்டர் ஒருவரும் இருந்தாராம். இங்கே ஒரு கிளினிக்கில் விசாரித்தோம். ‘ஏற்கெனவே நரம்பு எடுத்தாச்சு, அதனால் பைபாஸ் முடியாது. மூன்று ஊசி, நாலரை லட்சம், ஆறு வாரத்தில் புதுக் குழாய் வளரும்’ என்கிறார்கள். என் மகன் பிறந்தபோது சேமித்த தொப்புள்கொடி ரத்தமும் இருக்கிறது. அதைத் தாத்தாவுக்குக் கொடுக்கலாமா? பணம் கட்டலாமா, வேண்டாமா?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது ஸ்டெம் செல்லைப் பற்றி. எனக்கு முதலில் கண்ணில் பட்டது, அப்பா காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வரிதான். படுத்தால் வலி, தொங்கவிட்டால் கொஞ்சம் நிம்மதி என்றால், ரத்தம் தன் எடையால் கீழே இறங்கினால்தான் பாதத்துக்குக் கிடைக்கிறது என்று பொருள். கூடவே விரலும் கருத்திருக்கிறது. இந்த நிலைக்கு வந்துவிட்ட காலுக்கு நாங்கள் நாள் கணக்குதான் போடுவோம், மாதக் கணக்கு போடுவதில்லை. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாதீர்கள். இந்த வாரமே அப்பாவின் இரண்டு கால்களுக்கும் இரண்டு கைகளுக்கும் சிரை ஸ்கேன் எடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், சித்தப்பாவுக்கும் படித்துக் காட்ட வேண்டுமே.

முதலில் ஒரு சொல். ‘நரம்பு எடுத்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. எங்கள் வார்டிலேயே ஊசி குத்தும்போது ‘நரம்பு சிக்கலையே தாத்தா’ என்றுதான் பேச்சு. ஆனால் நரம்பு என்பது உணர்ச்சியைக் கடத்தும் கம்பி. ரத்தம் ஓடுவது மூன்று வகைக் குழாய்களில். இதயத்திலிருந்து பாதத்துக்குக் கொண்டுவருவது தமனி. திரும்ப எடுத்துப்போவது சிரை. இரண்டுக்கும் நடுவே, தசைக்குள் வலை மாதிரி பின்னிக் கிடப்பது தந்துகி. தந்துகியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. உங்கள் அப்பாவுக்கு அடைத்திருப்பது தொடைத் தமனி. இதய ஆபரேஷனுக்கு எடுத்தது சிரை. வீடியோவில் காட்டியது பெரும்பாலும் தந்துகி. இந்த மூன்றையும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிட்டால் நாலரை லட்சம் கேட்பது சுலபமாகிவிடுகிறது.

இனி வீடியோவுக்கு வருகிறேன். சித்தப்பா சொன்னது பொய்யில்லை.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்பார்கள். நல்ல சொல். வாழைக் குருத்து இலையாகவும் ஆகலாம், பூவாகவும் ஆகலாம். அதுபோல இன்னும் எந்த வேலைக்கும் போகாத உயிரணு இது. தோலாகவோ ரத்தமாகவோ ஆகிவிட்ட உயிரணுவைத் திரும்பவும் குருத்தாக்க முடியும் என்று ஜப்பானின் ஷின்யா யாமானாகா 2006-இல் எலியிலும், 2007-இல் மனித உயிரணுவிலும் காட்டினார். நாலே நாலு மரபணுக்களை உள்ளே செலுத்தி அதைச் செய்தார். 2012-இல் ஜான் குர்டனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய இலையைக் குருத்தாக்கிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர்க் கதை அடுத்த படி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ராகேஷ் ஜெயின் ஆய்வகத்தில் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வு அது. அதன் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த டாக்டர் ரேகா சாமுவேல். அப்படித் திருப்பிய மனித உயிரணுக்களிலிருந்து இரண்டு வகையை அவர்கள் வளர்த்தார்கள். ஒன்று குழாயின் உள்பூச்சாகும் உயிரணு. இன்னொன்று அதை வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கும் உயிரணு. இரண்டையும் கலந்து எலியின் மூளைப் பரப்பில் வைத்தபோது அவை தாமாகவே குழாய்களாகக் கோத்துக்கொண்டு எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைந்தன. 280 நாள் வரை வேலை செய்தன. எலிக்கு அது சின்ன வயசு இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் உயிரணுக்களிலிருந்தும் செய்து பார்த்தார்கள், அதுவும் வந்தது. ஆனால் அதே கலவையைத் தோலுக்கடியில் வைத்தபோது அவ்வளவு நாள் தங்கவில்லை. வைக்கிற இடமே முடிவை மாற்றுகிறது. இந்த வரியை எந்த வீடியோவும் சொல்லாது.

2019-இல் வியன்னாவில் யோசப் பென்னிங்கரின் குழு இன்னும் ஒரு படி போனது. மனிதத் தந்துகி வலைகளைக் குட்டி உருண்டைகளாகக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். பிறகு அந்தக் கிண்ணத்திலேயே சர்க்கரையையும் அழற்சியையும் ஏற்றினார்கள். சர்க்கரை நோயாளியின் தந்துகிகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தடித்துப்போகுமே, அதே தடிப்பு கிண்ணத்திலும் வந்தது. அதைத் தடுக்கும் ஒரு வழியையும் கண்டார்கள். என்னைக் கேட்டால் இந்த ஆராய்ச்சியின் உண்மையான வரவு இங்கேதான். நோய் எப்படிக் குழாயைக் கெடுக்கிறது என்று நோயாளியைக் குத்தாமலே பார்க்கலாம், மருந்துகளைச் சோதிக்கலாம். உங்கள் மகன் பெரியவனாகும்போது அவன் சாப்பிடப்போகும் ஏதோ ஒரு மாத்திரை இப்படிப்பட்ட கிண்ணத்திலிருந்து வந்திருக்கலாம்.

ஆனால் அப்பாவின் பிரச்சினை கிண்ணத்தில் இல்லை. புழல் ஏரியிலிருந்து உங்கள் தெருவுக்கு வரும் மெயின் பைப் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். வீட்டுக்குள் பிளம்பரைக் கூப்பிட்டு நாலு புதுக் குழாய் வைத்தால் தண்ணீர் வருமா? திறந்தால் ‘உஸ்’ என்று காற்றுதான் வரும். தொடைத் தமனி பென்சில் தடிமன் இருக்கும் மெயின் பைப். பாதத்தில் எத்தனை தந்துகி புதிதாக முளைத்தாலும் மேலிருந்து அழுத்தத்தோடு ரத்தம் இறங்காவிட்டால் அவை காலிக் குழாய்கள்தான்.

அப்படியானால் மெயின் பைப்பையே வளர்க்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், அந்தக் கதையும் உண்டு. அமெரிக்காவில் லாரா நிக்லாசன் 1999-இலேயே, இதயத்துடிப்பு போல விட்டுவிட்டு அழுத்தம் கொடுக்கும் பாத்திரத்தில் தமனியை வளர்த்துக் காட்டினார். துடிப்பில்லாமல் வளர்த்தால் சுவர் பலம் பெறாது. உடற்பயிற்சி இல்லாத தசை மாதிரிதான். அவர் தொடங்கிய நிறுவனத்தின் குழாய்க்கு 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. விபத்திலோ குண்டடியிலோ கை, கால் தமனி சிதைந்து, அவசரமாக ஒட்ட வேண்டிய நிலையில், சொந்தச் சிரை பயன்படாதபோது வைப்பதற்கு மட்டும். இதில் இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். ஒன்று, அது ஸ்டெம் செல்லிலிருந்து வந்தது இல்லை. தானமாகக் கிடைத்த தமனிகளின் தசை உயிரணுக்களைக் கரையும் வலை ஒன்றில் வளர்த்து, கடைசியில் உயிரணுக்களையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு, மிஞ்சும் நார்ச்சுவரைத்தான் குழாயாக வைக்கிறார்கள். உயிரணு இல்லாததால் அடுத்தவர் உடம்பு அதை எதிர்ப்பதில்லை. இரண்டு, அனுமதி கொடுத்தவர்களே ‘சொந்தச் சிரை பயன்படாதபோது’ என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருட உழைப்பில் வந்த குழாய்கூட சொந்தச் சிரைக்கு அடுத்த வரிசையில்தான் நிற்கிறது.

நோயாளியின் தோல் உயிரணுவிலிருந்தே குழாய் செய்தவர்களும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு வைத்தார்கள், வேலையும் செய்தது. ஒரு குழாய் தயாராக ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. கருத்துப்போன விரலோடு ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ஊசி. வீடியோவில் இருப்பதும் கிளினிக்கில் இருப்பதும் ஒரே பெயரில் உலவும் இரண்டு வெவ்வேறு சரக்குகள். கிளினிக்குகள் வழக்கமாகச் செய்வது இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையையோ வயிற்றிலிருந்து கொழுப்பையோ உறிஞ்சி, சுழற்றி, கெண்டைச் சதையில் குத்துவது. அது குழாயாக முளைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சுற்றியிருக்கும் திசுவுக்குச் சில வேதிப்பொருள்களைச் சுரந்து கொடுத்துத் தூண்டலாம் என்பதுதான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நெதர்லாந்தில் முறையாகச் சோதித்தார்கள். அடைப்பை உள்ளிருந்து பலூனால் விரிக்கவோ பைபாஸ் செய்யவோ வழியில்லாத 160 பேர். பாதிப் பேருக்குத் தங்கள் மஜ்ஜை உயிரணு, பாதிப் பேருக்கு வெறும் போலி மருந்து, இரண்டும் தமனி வழியாக. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2015-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் கால் எடுக்க நேர்ந்தது உயிரணு பெற்றவர்களில் 19 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 13 சதவீதம். இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உயிரணு கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது, நல்லது செய்தது என்றும் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். போலி மருந்து பெற்றவர்களுக்கும் வலி குறைந்தது, கணுக்காலில் ரத்த அழுத்தம் கூடியது, வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, உயிரணு பெற்றவர்களுக்கு எந்த அளவோ அதே அளவு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு, புகையை நிறுத்தி, வாராவாரம் யாராவது காலைப் பார்த்துக் கட்டுப்போட்டால் சிலருக்கு உடம்பே வழி தேடிக்கொள்கிறது. கிளினிக் காட்டும் ‘முன்பு, பின்பு’ படங்களை இனிமேல் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். படம் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊசியால்தான் ஆறியது என்பதற்கு அந்தப் படம் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளை யாராவது காட்டி ‘டாக்டர் மறைத்துவிட்டார்’ என்பார்கள். நம் நாட்டில் அனுமதி பெற்ற ஒரு பொருள் இருக்கிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்று, தானமாக வந்த எலும்பு மஜ்ஜை உயிரணுக்களைப் பெருக்கித் தயாரிக்கும் ஸ்டெம்பியூசெல். பீடி, சிகரெட் பிடிக்கும் இளவயது ஆண்களின் கை, கால் குழாய்களைச் சுருக்கும் பர்ஜர் நோய்க்கு 2016-இல் வரையறுத்த அனுமதியும், பிறகு 2020-இல் கொழுப்புப் படிந்து வரும் அடைப்புக்கும் சேர்த்து அனுமதியும் கிடைத்தது. கெண்டைச் சதையில் போடும் ஊசி. வலி குறையவும் புண் ஆறவும் உதவலாம் என்ற அளவில், வேறு எந்த வழியும் இல்லாதவருக்கு யோசிக்கலாம் என்பது என் கருத்து. உங்கள் கிளினிக் கொடுப்பது அதுதானா? அதுவானால் உறையில் பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி, விலை எல்லாம் அச்சில் இருக்கும், பில்லும் வரும். ‘எங்கள் ஸ்பெஷல் முறை’ என்றால் அது இல்லை.

சட்டமும் இதில் குழப்பமில்லாமல் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையையும் அனுமதி பெற்ற பொருள்களையும் தவிர, ஸ்டெம் செல்லை நோயாளிக்குக் கொடுப்பது எல்லாமே ஆராய்ச்சிக் கணக்கில்தான் வரும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும், நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. கிளினிக்கில் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘சார், சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்ன?’ நம்பர் தந்தால் அது பரிசோதனை, அப்போது நாலரை லட்சம் எதற்கு? நம்பர் இல்லை என்றால் அந்த ஊசி எந்தக் கணக்கில் வருகிறது? இரண்டில் ஒன்றுக்காவது பதில் வரட்டும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ரத்தக் குழாயை வளரச் சொல்வது பாதத்துக்கு மட்டும் தனியாகச் சொல்லக்கூடிய செய்தி இல்லை. பதினெட்டு வருஷச் சர்க்கரை என்றால் கண்ணின் விழித்திரையிலும் வேண்டாத குழாய்கள் முளைத்திருக்க வாய்ப்புண்டு, அவற்றை அடக்கத்தான் கண் டாக்டர்கள் ஊசி போடுகிறார்கள். புற்றுநோய்க் கட்டி வளர்வதற்கும் புதுக் குழாய் வேண்டும் என்று ஜூடா ஃபோக்மன் 1971-இலேயே எழுதினார். அப்பாவுக்குக் கண் பரிசோதனை எப்போது நடந்தது என்று கிளினிக்கில் யாராவது கேட்டார்களா?

தொப்புள்கொடி ரத்தம் பற்றிச் சுருக்கமாக. அதில் இருப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். ரத்த நோய்களுக்குத்தான் அதன் பயன், அதுவும் பொருத்தம் பார்த்து. பெரியவர் ஒருவருக்கு அந்தச் சின்னப் பையில் உள்ள அளவு பெரும்பாலும் போதாது. அடைத்த தமனிக்கு அதில் வேலை இல்லை. அதை உருக்கித் தாத்தாவுக்குக் கொடுக்க யாராவது முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சேமித்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரசவ வார்டில், வலி எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் படிவத்தை நீட்டினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

சரி, ‘நரம்பு எடுத்தாச்சு, பைபாஸ் முடியாது’ என்றார்களே, அதற்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

2014-இல் எடுத்தது இடது கால் சிரை. இப்போது நோய் வலது காலில். கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கித் தொடையிடுக்கு வரை போகும் நீளமான சிரை அந்த வலது காலில் அப்படியே இருக்க வேண்டும். கால் பைபாஸுக்கு நாங்கள் முதலில் தேடுவதே அதைத்தான். இடது காலிலும் முழுநீளமும் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. தழும்பு முழங்காலோடு நின்றிருந்தால் தொடையில் மிச்சம் இருக்கலாம். கெண்டைக்காலின் பின்பக்கம் இன்னொரு சிறிய சிரை. இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு. இத்தனையையும் ஸ்கேன் செய்து பார்க்காமல் ‘இல்லை’ என்று சொல்ல எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. அந்த வாக்கியத்தை நானும் ஒருகாலத்தில் சொன்னவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இருபது வருஷம் இருக்கும். ராயபுரத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்த ஒருவர். ஒரு காலில் சிரை சுருண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னொரு காலில் மெலிசு. ‘சிரை இல்லை’ என்று குறிப்பில் எழுதிவிட்டு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் குழாய் வைத்தேன். அந்த இடத்தில் செயற்கைக் குழாய் சீக்கிரம் ரத்தம் கட்டி அடைந்துபோகும், தெரிந்துதான் வைத்தேன். நாலு மாதத்தில் அடைந்தது. கால் போயிற்று. பிறகு ஒருநாள் கட்டுப் பிரிக்க வந்தவர், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐஸ் பாளம் தூக்கித் தூக்கி உருண்ட அந்தக் கையில், முழங்கையிலிருந்து தோள் வரை சிரை கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. நான் காலை மட்டுமே பார்த்திருந்தேன். கையைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் சட்டைக் கையை மடிக்கச் சொல்லாமல் ‘சிரை இல்லை’ என்று எழுதியதில்லை.

ஆபரேஷனில் என்ன நடக்கும் என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். லேத் ஓட்டியவர், அளவும் நூலும் அவருக்குப் புரியும். ஸ்கேன் செய்யும்போதே சிரை போகும் பாதையைத் தோலில் மார்க்கர் பேனாவால் வரைந்துவிடுவோம். அகலம் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சந்தோஷம். சிரைக்குள் கதவுகள் உண்டு. ரத்தம் மேலே மட்டும் போகும்படி திறக்கும், கீழே விடாது. நமக்கோ ரத்தம் கீழே போக வேண்டும். அதனால் சிரையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைப்போம். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே விட்டு, ஒரு மெல்லிய கருவியை உள்ளே ஓட்டிக் கதவுகளை அறுத்துவிடுவோம். திருப்பி வைப்பது 1948-இல் பாரிஸில் ழான் குன்லான் செய்த அதே முறைதான். தையல் போடும் நூல் தலைமுடி தடிமன், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. மேலே ஒரு இணைப்பு, கீழே ஒரு இணைப்பு. கிளிப்பைத் திறந்ததும், அதுவரை வெளிறிச் சப்பையாகக் கிடந்த சிரை உப்பி, விரலுக்கடியில் துடிக்கத் தொடங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிடம் தியேட்டரில் யாரும் பேச மாட்டார்கள். அடுத்த சில மாதங்களில் அந்தச் சிரையின் சுவர் தடித்து, தமனியின் அழுத்தத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் வாரக்கணக்கில் துடிக்கவிட்டுச் செய்வதை அப்பாவின் உடம்பு உள்ளேயே செய்துகொள்கிறது.

‘பலூன் போதாதா, கத்தி இல்லாமல்?’ என்றும் கேட்பார். கேட்கலாம். 2022-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, நல்ல நீளச் சிரை இருப்பவருக்கு பைபாஸ் மேல் என்றது. அடுத்த ஆண்டே பிரிட்டன் ஆய்வு, முழங்காலுக்குக் கீழ் அடைப்புக்கு பலூனுக்குச் சாதகமாகப் பேசியது. எங்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. இதயம் எவ்வளவு தாங்கும், அடைப்பின் நீளம் எவ்வளவு, சிரை எப்படி என்று மூன்றையும் வைத்துத்தான் முடிவு. எக்கோ எடுத்துவிட்டு இதய டாக்டரும் ரத்தக் குழாய் அறுவை டாக்டரும் ஒன்றாகப் பேசட்டும். பைபாஸுக்கு இதயம் தாங்காது என்றால் பலூன் நிச்சயம் நல்ல வழி. இரண்டுமே சிகிச்சைதான், இரண்டும் மெயின் பைப்பைத் திறக்கும். கிளினிக் ஊசியோடு இவற்றை ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பணம் பற்றி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும், வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாவிட்டாலும் சென்ட்ரலுக்கு எதிரே ஜி.எச்.சிலும் ஸ்டான்லியிலும் ரத்தக் குழாய் அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். விரல் கருத்திருப்பதை முதலில் சொன்னால் வரிசையில் முன்னே விடுவார்கள்.

ஆபரேஷன் நாள் வரை வீட்டில் பார்க்க வேண்டியவை. காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதம் வெந்தாலும் தெரியாது, ரத்தம் இல்லாத தோல் வெந்தால் ஆறாது. கருத்த நுனியை யாரும் வெட்டவோ பிய்க்கவோ வேண்டாம், காய்ந்தே இருக்கட்டும், விரல்களுக்கு நடுவே சுத்தமான பஞ்சு வையுங்கள். காய்ந்திருந்தது ஈரமாகி, நாற்றம் வந்து, சிவப்பு மேலே ஏறி, காய்ச்சலும் சேர்ந்தால் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவு. இதய டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தானாக நிறுத்திவிட்டாரா என்று மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவது நம் ஆட்களின் வழக்கம். பீடி இருந்தால் நீங்கள் சொல்ல வேண்டாம், பேரனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஒரு கிரியேட்டினின் பரிசோதனையும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. இனி எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் டிரிப் போடும் ஊசியைப் புறங்கையில் மட்டும் போடச் சொல்லுங்கள், அதுவும் இடது கையில். முன்கையிலும் முழங்கையிலும் குத்தவிடாதீர்கள். அந்தச் சிரைகள் நாளைக்கு வேண்டியிருக்கலாம். வலது கை மணிக்கட்டில் பேனாவால் ‘குத்த வேண்டாம்’ என்று எழுதினாலும் தப்பில்லை, எங்கள் வார்டில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். ஸ்கேன் முடிந்ததும் ஆஞ்சியோ சி.டி.யையும், வலது கால் சிரை எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவையும் அனுப்புங்கள். அப்பாவின் இடது கால் தழும்பு எந்த இடத்தில் முடிகிறது என்று டேப் வைத்து அளந்து அதையும் எழுதுங்கள்.